பொறுக்கி எடுக்காத நாற்பது பேர்: டோக்கியோ பள்ளிகளின் வகுப்பு நாடகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

டோக்கியோவின் மேற்குப் பக்கம் குனிதாச்சி என்ற ஊரில் 1940இல் தொடங்கிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. செப்டம்பரில் நடக்கும் அதன் பள்ளி விழாவில் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் எட்டு வகுப்புகளும் ஆளுக்கொரு நாடகம் போடுகின்றன. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மூன்றே ஆண்டு. அதனால் மூன்றாம் ஆண்டு என்பது நம் பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் வகுப்பு. நகரின் நடுவே, 1878இல் தோன்றிய ஹிபியா உயர்நிலைப் பள்ளியில் இன்னும் ஒரு படி மேல்: மூன்று ஆண்டுகளிலும் உள்ள எல்லா வகுப்புகளும் நாடகமே போடுகின்றன. இரண்டு பள்ளிகளும் படிப்பில் பெயர் எடுத்தவை. நாடகத்துக்கென்று பெரிய கலையரங்கத்தைத் தேடிப் போவதில்லை. அன்றாடம் பாடம் நடக்கும் வகுப்பறையே அரங்கு.

இந்த ஏற்பாட்டில் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது நடிப்பின் தரத்தை அல்ல. நாடகக் குழு எப்படி அமைகிறது என்பதை. யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலில் பள்ளி அலுவலகம் எந்த நாற்பது பேரை ஒரு வகுப்பில் போட்டதோ அந்த நாற்பது பேர்தான் குழு. நன்றாகப் பாடுபவரும், வாயே திறக்காதவரும், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இருவரும் அதில் இருப்பார்கள். திறமைசாலிகளைப் பொறுக்கி எடுத்து நடத்தும் விழாவில் மேடை பளிச்சென்று இருக்கும். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலையே நாற்பது பேருக்கும் போதுமான அளவுக்குப் பெரியது. பள்ளிக்குள் உறவு வளர்வது அந்த வேலையால்தான் என்பது இந்த ஆய்வின் வாதம். அதே வேலையைச் சரியாகப் பிரிக்காவிட்டால் உறவு வளராது, கசப்புதான் மிஞ்சும்.

பாடத்திட்டத்துக்குள் ஓர் இடம்

ஜப்பானின் தேசியப் பாடத்திட்டத்தில் 'சிறப்புச் செயல்பாடுகள்' என்று ஒரு பகுதி உண்டு. வகுப்புக் கூட்டங்கள், மாணவர் மன்றம், பள்ளி நிகழ்ச்சிகள் ஆகியவை அதில் அடங்கும். பள்ளி நிகழ்ச்சிகளில் விழாச் சடங்குகள், கலை நிகழ்ச்சிகள், உடல்நலமும் விளையாட்டும், சுற்றுலா, உழைப்பும் தொண்டும் என ஐந்து வகை. பண்பாட்டு விழா எனப்படும் இந்தப் பள்ளி விழா இதில் கலை நிகழ்ச்சி வகையைச் சேர்ந்தது. நாடகப் பயிற்சி மாலை நேரச் சங்கத்தின் விருப்ப வேலை அல்ல, பாடத்திட்டத்துக்குள் வரும் பள்ளி வேலைகளில் ஒன்று. அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும், கட்டடத்தைத் திறந்து வைக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இருந்தால் நன்றாகப் படிப்பவர்கள் தலைமையை எடுத்துக்கொள்வார்கள். இல்லாததால் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் மரவேலைக்குத் தலைவனாகிறான்.

செப்டம்பர் என்பதற்கும் காரணம் உண்டு. கல்லூரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு ஜனவரி நடுவில் வருகிறது. நவம்பர் 3 அங்கே பண்பாட்டு நாள். அந்தச் சமயத்தில் விழா வைக்கும் பள்ளிகளும் உண்டு. ஆனால் இறுதி ஆண்டு மாணவர்கள் முழுதாக இறங்கும் பள்ளிகளுக்கு அது மிகவும் தாமதம். செப்டம்பரில் முடித்தால் நான்கு மாதம் மிச்சம் கிடைக்கும். ஜூலை 20 வாக்கில் தொடங்கும் கோடை விடுமுறை முழுவதும் ஒத்திகைக்கும் தச்சு வேலைக்கும் கைகொடுக்கும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை

ஏப்ரலில் வகுப்புக்கு இரண்டு பேர் விழாக் குழுவுக்குப் போகிறார்கள். மே மாதத்துக்குள் நாடகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தவறு நடப்பது இங்கேதான். ஏழெட்டு நாடகங்களைப் பலகையில் எழுதி, ஒரே சுற்றில் கையைத் தூக்கச் சொன்னால் பதின்மூன்று ஓட்டு வாங்கிய நாடகம் வென்றுவிடும். மீதி இருபத்தேழு பேருக்கு அது 'அவர்களுடைய' நாடகம். கோடையில் வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்களாகத்தான் இருப்பார்கள். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று ஓட்டு, இரண்டாம் சுற்றில் மூன்று நாடகங்கள், கடைசிச் சுற்றுக்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை உரக்க வாசித்துக் காட்டல் என்று வைத்தால் இரண்டு வாரம் கூடுதலாகும். அந்த இரண்டு வாரத்தை எந்த வகுப்பும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பிறகு பதிப்புரிமை. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, லாப நோக்கம் இல்லாமல், கட்டணம் வாங்காமல், நடிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கு அனுமதி தேவையில்லை என்கிறது. பலர் இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு மணி நேர நாடகத்தை ஒரு மணி நேரமாக வெட்டுவதும் திரைப்படத்தை நாடகமாக மாற்றுவதும் வேறு விஷயம். அதற்கு உரிமையாளரிடம் கேட்க வேண்டும். இணையத்தில் ஏற்றுவதும் இந்த விலக்குக்குள் வராது. ஜூன் தொடக்கத்திலேயே கடிதம் போய்விட வேண்டும். ஆகஸ்டில் மறுப்பு வந்தால் மாற்று நாடகம் தேட நேரம் இருக்காது.

யாருக்கு எந்த வேலை

நாற்பது பேர் வகுப்பில் சரியாக ஓடக்கூடிய ஒரு பங்கீடு: இயக்கம் 2, நடிப்பு 12, அரங்கப் பொருள்கள் 8, வகுப்பறை முகப்பு 6, உடை 4, விளக்கு 3, ஒலி 2, கணக்கு 1, விளம்பரமும் நுழைவுச் சீட்டும் 2. நடிகர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடிக்க ஆசைப்படுவோர் அதிகமானால் ஒரே பாத்திரத்துக்கு இருவர் என்று 'அ' அணி, 'ஆ' அணி பிரிப்பதும் வழக்கம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது: இரண்டு அணிகளும் தனித்தனியே ஒத்திகை பார்த்து, வகுப்பே இரண்டு கட்சியாகிவிடும். ஒரு அணி நடிக்கும்போது மற்ற அணி அதே அறையில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தால் இது நடக்காது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் தயங்காமல் ஏறவும் முடியும்.

அதிகம் பேசாதவர்களுக்கு விளக்கு இயக்கும் வேலையைக் கொடுப்பது நல்ல வழி. ஆனால் அது சுலபமான வேலை என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது. விளக்குப் பலகையில் இருப்பவர் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்தாக வேண்டும். விழா நெருங்கும்போது நாடகம் முழுதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நடிகர் வசனத்தை விட்டுவிட்டால் எந்த வரிக்குத் தாவியிருக்கிறார் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். நடிகர்கள் அவரைத் தேடி வந்து கேட்கத் தொடங்குவார்கள். இதை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது, வேலையே உண்டாக்கிவிடுகிறது. இதே காரணத்தால் டியூஷனுக்குப் போவதால் அடிக்கடி வர முடியாதவருக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. அவருக்கு உடை தைப்பது, சுவரொட்டி வரைவது, ஒலித் துண்டுகளை வெட்டி ஒட்டுவது போன்று வீட்டிலிருந்து செய்யக்கூடியவை பொருந்தும்.

வகுப்பறை அரங்காவது

ஜப்பானிய வகுப்பறை ஏறக்குறைய 7 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம். கதவு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நீளத்தைப் பிரிப்பது இப்படி: மேடையின் பின்பக்கம் நடிகர்கள் ஒதுங்கி நிற்க 1 மீட்டர், மேடை 3.5 மீட்டர், மிச்சமுள்ள 4.5 மீட்டருக்குள் பார்வையாளர்கள்.

சமதளத்தில் நாற்காலி போட்டால் மூன்றாம் வரிசைக்கு மேல் எதுவும் தெரியாது. படிக்கட்டு இருக்கை கட்டப் பணம் இல்லை, தேவையும் இல்லை. வகுப்பறைச் சாமான்களே மூன்று உயரத்தில் இருக்கின்றன. முன் இரண்டு வரிசை தரையில் மெத்தை. அடுத்த இரண்டு வரிசை நாற்காலி, இருக்கை உயரம் 42 சென்டிமீட்டர் சுமார். கடைசி இரண்டு வரிசை மேசை மேலேயே உட்காருவது, உயரம் 70 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நடைபாதை விட்டு, ஆளுக்கு அரை மீட்டர் என்றால் வரிசைக்குப் பன்னிரண்டு பேர். கதவுப் பக்கம் கொஞ்சம் விட்டுக் கணக்கிட்டால் ஒரு காட்சிக்கு 65 பேர் உட்காரலாம்.

மேசையைக் கொண்டு மேடையில் மேல்தளம் அமைக்கும்போது ஒரு சிக்கல் வரும். பள்ளி மேசைகள் மாணவர் உயரத்துக்கு ஏற்ற எண் வரிசையில் செய்யப்படுகின்றன: 5ஆம் எண் 70 சென்டிமீட்டர், 6ஆம் எண் 76. ஒரே வகுப்பில் இரண்டும் கலந்திருக்கும். கலந்து அடுக்கினால் மேலே போடும் பலகை ஆடும், நடிகர் கால் வைத்ததும் சத்தம் போடும். பக்கத்து வகுப்புகளோடு மாற்றிக்கொண்டு ஒரே எண்ணுள்ள மேசைகளைச் சேர்க்க வேண்டும். மேசைக் காலில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும். 910க்கு 1820 மில்லிமீட்டர் ப்ளைவுட் தகடு ஒன்றுக்குக் கீழே ஆறு மேசை. தகடு 12 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். மேசைக் கால்களை ஒன்றோடொன்று கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும். கயிறு மூன்றாம் காட்சிக்குள் தளர்ந்துவிடும். மேசை மேல் மேசை வைத்து அதன் மேல் ஆள் ஏறுவது எந்த நிலையிலும் கூடாது.

வாசலைச் சுற்றிக் கட்டும் முகப்பு இந்த விழாக்களின் தனிப் பெருமை. கோட்டைச் சுவரோ, ரயில் நிலையமோ, கதைக்கு ஏற்ற ஒன்று வகுப்பறைக் கதவை மறைத்து எழும். ஒரு தகட்டுக்குச் சட்டம் அடிக்க 30க்கு 40 மில்லிமீட்டர் ரீப்பர் கட்டை, இரண்டு மீட்டர் நீளத்தில் நான்கு வேண்டும்: நெடுக இரண்டு, குறுக்கே மூன்று துண்டு. அதன் மேல் 2.5 மில்லிமீட்டர் மெல்லிய ப்ளைவுட். கட்டைகளை இணைக்க 65 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. கட்டையின் நுனிக்கு அருகே ஓட்டை போடாமல் நேராக முடுக்கினால் மரம் பிளந்துவிடும். முதலில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் பிளக்காது. ஆணி அடிக்கவே கூடாது. கலைக்கும்போது ஆணி கட்டையோடு உடையும், அடுத்த ஆண்டு அந்தக் கட்டை எதற்கும் உதவாது.

காசு மிச்சம் என்று ப்ளைவுட்டுக்குப் பதில் பெட்டி அட்டையில் முகப்பு செய்யும் வகுப்புகள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. தண்ணீர் கலந்த பெயின்ட்டை ஒரு பக்கம் மட்டும் அடிப்பார்கள். அந்தப் பக்கத் தாள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கும். மறுபக்கம் அப்படியே இருக்கும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அட்டை முழுதும் வளைந்து நிற்கும். பின்பக்கமும் அதே அளவு தண்ணீர் பெயின்ட்டை ஒரு கை அடித்துவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக இருக்கும். பின்பக்கம் யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால், பழைய பெயின்ட் மிச்சங்களை ஒன்றாகக் கலந்து அடிக்கலாம்.

ஜன்னலை அடைக்க அட்டையும் கறுப்புத் துணியும் இரண்டடுக்காக வேண்டும். டேப்பைச் சுவரில் நேராக ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து வரும். முதலில் மாஸ்கிங் டேப், அதன் மேல் பிடிப்புள்ள டேப் என்பதே சரி. துணி தீப்பற்றாத சான்றுள்ளதாக இருக்க வேண்டும். இரண்டு கதவில் ஒன்றைக்கூட முகப்போ திரையோ முழுதாக அடைத்துவிடக் கூடாது. ஒத்திகையின்போதே எல்லாரும் ஒரு முறை இருட்டில் வெளியேறிப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் தனிக் கவனம் கேட்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், ஒரு பிளக் பாயின்ட்டின் வரம்பு 15 ஆம்பியர், அதாவது 1500 வாட். 500 வாட் ஹாலோஜன் விளக்கு மூன்று போட்டால் அங்கேயே முடிந்தது. ஒத்திகையில் விளக்கு மட்டும் எரியும், ஒன்றும் ஆகாது. விழா நாளில் புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் சேரும். தாழ்வாரத்தில் உடைக் குழுவினர் அதே இணைப்பில் 1200 வாட் ஹேர் டிரையரைச் செருகுவார்கள். நாடகத்தின் நடுவில் ட்ரிப் ஆகி அறை இருண்டுவிடும். சுற்றுருளை எக்ஸ்டென்ஷன் வயரை முழுதும் பிரிக்காமல் பயன்படுத்துவது இன்னொரு அபாயம்: முழுதாகப் பிரித்தால் 15 ஆம்பியர் தாங்கும் வயர், சுற்றியபடியே இருந்தால் சுமார் 5 ஆம்பியருக்குத்தான் பாதுகாப்பு, சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகும். எந்தப் பாயின்ட் எந்த ட்ரிப்பரில் சேர்கிறது, பக்கத்து வகுப்பும் அதே இணைப்பில் இருக்கிறதா என்று ஜூலையிலேயே ஒரு வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். எல்இடி விளக்கு வாங்க முடிந்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி போய்விடும்.

ஆகஸ்டில் ஏற்படும் விரிசல்

தினமும் வருகிறவர்கள் பத்துப் பேர், எப்போதாவது வருகிறவர்கள் இருபது, வராதவர்கள் பத்து: சரியாக நடத்தாத வகுப்பின் நிலை ஆகஸ்ட் நடுவில் இப்படித்தான் இருக்கும். வருகிறவர்கள் வராதவர்களைக் குறை சொல்வார்கள். வராதவர்கள் அந்தக் குறைக்குப் பயந்தே இன்னும் வராமல் இருப்பார்கள். இதைப் பொறுப்பின்மை என்று சொல்வது எளிது. நமக்குத் தெரிந்தவரை, பெரும்பாலும் வேலையைப் பிரித்த விதமே காரணம். 'முகப்பு செய்ய வாங்க' என்று வகுப்பின் குழுச் செய்தியில் போட்டால், இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ள ஒருவர் வந்து என்ன செய்வது என்று தெரியாமல் ஓரமாக நின்றுவிட்டுப் போவார். இரண்டாம் முறை வர மாட்டார்.

வேலையை இரண்டு மணி நேரத் துண்டுகளாக நறுக்கி அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவது இதற்கு மருந்து. 'ரீப்பர் 83 சென்டிமீட்டரில் 12 துண்டு அறு', 'மூன்றாம் தகட்டுக்கு வெள்ளை முதல் பூச்சு' என்று அளவோடு எழுத வேண்டும். வந்தவர் ஒரு அட்டையை எடுத்து, முடித்து, பெயர் எழுதி மறுபக்கம் ஒட்டுவார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கூச்சப்பட வேண்டியதில்லை. காட்சி ஒத்திகை காலை 9 முதல் 12 வரைதான், அதற்குமேல் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்று நேரத்தையும் கட்டிவிட்டால் டியூஷன் போகிறவர்களும் திட்டமிட்டு வர முடியும்.

இயக்குநருக்கும் அரங்கப் பொருள் குழுவுக்கும் மோதல் வருவதும் இந்த மாதத்தில்தான். ஒத்திகையில் ஒரு காட்சியை மாற்றுகிறார்கள். அதில் வரும் கதவு இனித் தேவையில்லை. நான்கு நாள் உழைத்துக் கதவு செய்தவர்களுக்கு அது கடைசியாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு நாள் ஒத்திகை முடிந்ததும் எல்லாக் குழுத் தலைவர்களும் பத்து நிமிடம் நின்றபடியே கூடி, இன்று எது மாறியது என்பதை மட்டும் சொல்லிக் கலைய வேண்டும். ஆகஸ்ட் 20க்குப் பிறகு பெரிய பொருள்களில் மாற்றம் கிடையாது என்று தேதி குறிப்பதும் அவசியம்.

60 நிமிடத்துக்கு எழுதிய நாடகம் முதல் முழு ஒத்திகையில் 75 நிமிடம் ஓடும். வசனத்தை மட்டும் வாசித்து நேரம் கணக்கிட்டிருப்பார்கள்; உள்ளே வருவது, போவது, இருட்டில் பொருள் மாற்றுவது எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. காட்சிக்கு 60 நிமிடம், இடையில் 30 நிமிடம் என்று ஒரு நாளுக்கு நான்கு காட்சி வைத்தால் காலை 9 மணிக்குத் தொடங்கி பிற்பகல் 2.30 மணி ஆகிவிடும். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் இழுத்தால் கடைசிக் காட்சி அரை மணி தாமதம், தாழ்வாரத்தில் வரிசை அடுத்த வகுப்பின் வாசலை மறைக்கும். வெட்ட வேண்டிய வரிகளை நடிகர்களே முன்மொழியட்டும். தன் வரியைத் தானே வெட்டியவர் மனக்கசப்போடு நடிக்க மாட்டார்.

ஆசிரியர் செய்வதும் செய்யாததும்

வகுப்பாசிரியரின் பொறுப்பு பணப்பெட்டி, மின் ரம்பம், மாலையில் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம், அவசர வழி. இவற்றில் அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் வாய் திறக்கக் கூடாது. காட்சி சொதப்பப் போகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருப்பது எந்த ஆசிரியருக்கும் கடினம்தான். ஆனால் அவர் ஒரு காட்சியைச் சரிசெய்துவிட்டால், அடுத்த சண்டைக்கு இயக்குநரிடம் போகாமல் எல்லாரும் அவரிடமே வருவார்கள்.

பரிசு பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையாளர் ஓட்டில் சிறந்த நாடகத்துக்கு விருது கொடுப்பது பரவலான வழக்கம். அது ஒவ்வொரு வகுப்பையும் உந்துகிறது என்பது உண்மை. கூடவே, ட்ரில் இயந்திரத்தையும் நல்ல ரீப்பர்களையும் ஒளித்து வைக்கும் பழக்கத்தையும் கொண்டுவருகிறது. விருது வைத்தே ஆக வேண்டுமென்றால், கருவிகளை விழாக் குழு பொதுவில் வாங்கி, நேரம் குறித்து இரவல் கொடுக்கும் மேசை ஒன்றையும் வைக்க வேண்டும்.

2020க்குப் பிறகு

கொரோனா வந்த 2020இல் நாடெங்கும் பல பள்ளி விழாக்கள் ரத்தாயின. அடுத்த இரண்டு ஆண்டுகளும் பல இடங்களில் வெளியாள் அனுமதி இல்லாமலோ சுருக்கமாகவோ நடந்தன. மூன்றாண்டுப் பள்ளியில் இதன் விளைவு பெரிது. முதலாம் ஆண்டில் பார்த்து, இரண்டாம் ஆண்டில் ஒட்டி நின்று, மூன்றாம் ஆண்டில் செய்வதுதான் இங்கே பயிற்சி. இரண்டு விழா தவறினால், முழுமையான விழாவைக் கண்ணால் பார்த்த மாணவர் பள்ளியில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆசிரியர்கள் கட்டடத்தை அறிவார்கள்; 65 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை அறிய மாட்டார்கள். எழுதி வைத்த ஒப்படைப்புக் குறிப்பேடு உள்ள வகுப்புகள்தான் இப்படிப்பட்ட இடைவெளியைத் தாண்டி வேலையைத் தொடர முடியும்.

கலைப்பும் ஒப்படைப்பும்

கடைசிக் காட்சி முடிந்ததும் கலைப்பு. ஸ்க்ரூக்களைக் கழற்றி நீள வாரியாக டப்பாவில் போட வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் உள்ள ரீப்பர்களைக் கட்டி வைக்கலாம், அதற்குக் குறைந்தவை குப்பைக்கு. மரம், அட்டை, துணி, பிளாஸ்டிக் தனித்தனியாகப் பிரியாவிட்டால் குப்பை வண்டி எடுக்காது. இதற்கு நாற்பது பேரும் வேண்டும். நடிகர்கள் வேடம் கலைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் அரங்கப் பொருள் குழு மட்டும் தகடு சுமந்தால் ஐந்து மாத உறவில் அங்கேயே கீறல் விழும். கலைப்புக்கான வேலை அட்டைகளையும் முந்தின நாளே எழுதி, நடிகர்களின் பெயரை முதலில் போடுவது நல்லது.

குறிப்பேட்டை ஒரு வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும். அதற்குமேல் எல்லாரும் தேர்வுப் படிப்பில் மூழ்கிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு பக்கம். வாங்கிய பொருள், அளவு, விலை, மிஞ்சியது எவ்வளவு. எந்தத் தேதியில் எது முடிந்தது, எது பிந்தியது. மின் இணைப்பு வரைபடம், மேசை எண்களின் பட்டியல், பதிப்புரிமைக் கடிதத்தின் நகல். கணக்குப் பொறுப்பாளர் ரசீதுகளை ஒட்டி, மிச்சப் பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியபின், அந்தக் குறிப்பேடு அக்டோபரில் இரண்டாம் ஆண்டு வகுப்புகளின் கைக்குப் போக வேண்டும். ஏப்ரலில் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் எழுதியவர்கள் மார்ச்சிலேயே பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள். எழுத்தில் புரியாததைக் கேட்க ஆள் இருக்காது.